எல் போர்டும் ஏழு சாமுராய்களும்

1998இல் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஜப்பானிய வாள்சண்டைப் படங்கள் எனக்கு அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். வீட்டில் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள். வாள் வீச்சைப் பார்த்துக் கைதட்டுகிற பையன் வண்டியையும் அப்படித்தான் ஓட்டுவான் என்று அப்பா உறுதியாக நம்பினார். எங்களிடம் ஒரு பழைய பிரீமியர் பத்மினி இருந்தது. சாவி கேட்டால், "மொதல்ல படிப்ப முடி. வண்டி எங்கயும் ஓடிப் போயிடாது" என்பார். அந்தப் படங்கள் என்னைக் கெடுக்கவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். ஏன் என்று அவருக்கு விளக்கத்தான் அப்போது வாய் வரவில்லை. இப்போது என் அக்கா மகள் எல் போர்டு ஒட்டிய வண்டியோடு ஆற்காடு சாலையில் இறங்கியிருக்கிறாள். அவளும் ஜப்பானியச் சண்டைப் படங்கள் பார்க்கிறாள். அவளைப் பற்றியும் அதே பேச்சு வருகிறது. ஆகவே இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று அகிரா குரோசவா இறந்தார். அஞ்சலியாக எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் ஒன்று 'செவன் சாமுராய்' படத்தைத் திரையிட்டது. 1954இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 207 நிமிடம். மின்விசிறிச் சத்தமும் புரொஜெக்டர் சத்தமும் கலந்த ஒரு சின்ன ஹால். சண்டைப் படம் என்று நண்பன் அழைத்துப் போனான். ஆனால் பெரிய சண்டை தொடங்குவதற்கே பாதிப் படத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. அதுவரை நடப்பதெல்லாம் ஆள் தேர்வும் பயிற்சியும்தான். மூங்கில் ஈட்டி பிடிக்கத் தெரியாத விவசாயிகளை வரிசையில் நிறுத்திக் கற்றுத் தருகிறார்கள். எந்தப் பக்கம் வேலி, எந்தப் பக்கம் வயலில் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று வரைபடம் போட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு நிமிடம்கூட அலுக்கவில்லை.

அந்த ஏழு பேரில் கட்சுஷிரோதான் இளையவன். என் வயதுதான் இருக்கும். தலைவர் கம்பெய்யின் காலில் விழாத குறையாகச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறான், அவர் மறுக்கிறார். சின்னப் பையனைப் போருக்கு அழைத்துப் போக முடியாது என்கிறார். உடனிருப்பவர்கள் அவனுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். பெரியவனாக நடத்தினால் பெரியவனாக உழைப்பான் என்ற கருத்து அங்கே ஒலிக்கிறது. கடைசியில் அவனுக்கு இடம் கிடைக்கிறது. அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த ஆண்டு முழுக்க என்னைப் பெரியவனாக நடத்திய ஆள் ஒருவர்கூடச் சாலையில் இருக்கவில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் கட்சுஷிரோவைத் தடியோடு நிறுத்தி, உள்ளே வருகிற சாமுராயின் தலையில் ஓங்கி அடி என்கிறார் கம்பெய். ஒருவர் அடியைத் தடுத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிறார். அடுத்து வரும் கொரோபெய் வாசலிலேயே நின்றுவிடுகிறார்; உள்ளே ஆள் இருப்பது தெரிந்து, விளையாடாதீர்கள் என்று சிரிக்கிறார். கம்பெய்க்கு அவரைப் பிடித்துப்போகிறது. அடி விழுந்த பிறகு தடுப்பதைவிட, விழப்போவது முன்கூட்டியே தெரிவதுதான் பெரிய திறமை. வண்டி ஓட்டுகிற எவருக்கும் இதைவிடச் சிறந்த முதல் பாடம் இல்லை. நிறுத்தியிருக்கும் ஆட்டோவின் மறைவிலிருந்து ஒரு குழந்தை ஓடி வரலாம் என்பது குழந்தை தெரிவதற்கு முன்பே நமக்குத் தோன்ற வேண்டும். இதை எனக்கு எந்த டிரைவிங் ஸ்கூலும் சொல்லித் தரவில்லை. அந்தப் படம் சொல்லித் தந்தது.

இன்னொரு காட்சி. கொள்ளையர்களிடம் மூன்று துப்பாக்கிகள். கியூசோ என்ற வாள்வீரர் இரவில் தனியாகப் போய் ஒன்றைப் பறித்து வந்து, பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து தூங்கப் போகிறார். இளைஞர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். தோஷிரோ மிஃபூனே நடித்த கிகுச்சியோவுக்கு அந்தப் புகழ் மேல் ஆசை வருகிறது. தன் காவல் இடத்தை விட்டுவிட்டு ஓடி, அவனும் ஒரு துப்பாக்கியைக் கொண்டு வருகிறான். பாராட்டு எதிர்பார்த்து வந்தவனைக் கம்பெய் கடிந்துகொள்கிறார். அவன் விட்டுப்போன இடத்தின் வழியாகவே எதிரிகள் நுழைந்துவிடுகிறார்கள். யோஹெய் என்ற விவசாயி சாகிறார், கொரோபெய்யும் சாகிறார். சாகசத்துக்கு இவ்வளவு கடுமையாகக் கணக்குக் கேட்கிற படத்தைப் பார்த்து யாராவது சிக்னலை மீறி ஓட்டக் கற்றுக்கொள்வார்களா? அந்த ஏழு பேரில் இறப்பவர்கள் நால்வர். நால்வருமே சாவது துப்பாக்கியால். வாளால் ஒருவர்கூடச் சாகவில்லை. எவ்வளவு கைதேர்ந்தவனாக இருந்தாலும் தூரத்திலிருந்து வேகமாக வரும் ஓர் உலோகத் துண்டின் முன் ஒன்றும் செய்ய முடியாது என்பதைக் குரோசவா நம் கண்முன் வைத்துவிட்டுப் போகிறார்.

அதே 1998 கோடையில் டோக்கியோவின் ஷிபுயா பகுதித் திரையரங்கில் ரஜினிகாந்தின் 'முத்து' ஓடத் தொடங்கி, அங்கே பெரிய வெற்றி பெற்றது. குதிரை வண்டி ஓட்டும் நம் முத்துவை அவர்கள் கொண்டாடிய நாட்களில், வாளோடு நடக்கும் அவர்களுடைய மிஃபூனேயை நான் கொண்டாடினேன். அந்தப் பொருத்தம் எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது.

இனி சாலைக்கு வருகிறேன்.

நான் கற்ற வண்டியும் ஜப்பான் வழி வந்ததுதான். சுசூகியின் கூட்டில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800; மூன்று சிலிண்டர், 796 சி.சி. டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். காலையில் சந்துகளில் பழகிவிட்டு ஒரு நாள் கோடம்பாக்கம் பாலத்துக்குக் கூட்டிப் போனார். ஏற்றத்தில் போக்குவரத்து நின்றது. மீண்டும் நகரும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடிக்க வேண்டும். இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் மாநகரப் பேருந்து. அதன் ஹாரன் முதுகில் இடித்தது. பக்கத்தில் ஸ்கூட்டர்காரர் ஒருவர் கண்ணாடிக்குள் தலையை நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார். ஆட்டோக்காரர் இன்னும் மோசமாகச் சொன்னார். மாஸ்டரும் என்னைத்தான் திட்டினார். கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு இருந்தது. கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சட்டப்படி எழுதி ஒட்டி அறிவித்துவிட்டுத்தான் நான் அந்தப் பாலத்தில் ஏறினேன். அதைப் படித்த பிறகுதான் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

இளம் ஓட்டுநரின் கோபம் அங்கேதான் பிறக்கிறது. வேக வெறி என்று பெரியவர்கள் பெயர் வைத்துவிடுகிறார்கள். நான் அறிந்தவரை அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் அவமானம்தான். தவறு செய்ய இடம் கொடுக்காத சாலையில் கற்பவன் முதலில் கற்றுக்கொள்வது, தவறை வேகத்தால் மறைப்பது. சிக்னல் விழுந்ததும் பாய்வான், ஏனென்றால் ஒரு விநாடி தாமதித்தால் பின்னால் பத்து ஹாரன். இடைவெளி விட மாட்டான், ஏனென்றால் விட்ட இடத்தில் உடனே ஒருவர் நுழைந்துவிடுவார். நுழைந்தவரை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவர் இவனைத் திட்டுவார். சோதனைக்கு நிறுத்தினால் முதலில் கை காட்டப்படுவதும் மீசை சரியாக முளைக்காத முகத்துக்குத்தான். எல்லா ஆவணமும் சரியாக இருந்தாலும் "அப்பா வண்டியா?" என்ற கேள்வி வரும். பத்தொன்பது வயதில் இவையெல்லாம் சிறிய விஷயங்கள் இல்லை.

அந்த நாட்களில்தான் வாடகைக் கேசட்டில் 'சஞ்சுரோ' பார்த்தேன். 1962இல் குரோசவா எடுத்தது. ஒன்பது இளம் சாமுராய்கள். நல்ல எண்ணம், அளவில்லாத அவசரம். அவர்களை வழிநடத்த வந்து சேர்கிறான் மிஃபூனே. படம் முழுக்க அவன் வேலை அவர்களை இழுத்துப் பிடிப்பதுதான். அவர்கள் அவசரப்படும் போதெல்லாம் அவனுக்கு வேலை கூடுகிறது. ஒரு வயதான சீமாட்டி அவனையே திருத்துகிறார்; நல்ல வாள் உறைக்குள் இருக்கும் என்கிற பொருளில் சொல்கிறார். இறுதியில் மிஃபூனேயும் தத்சுயா நகடாயும் எதிரெதிரே நிற்கிறார்கள். நீண்ட நேரம் அசைவே இல்லை. பிறகு ஒரே வீச்சு, முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவன் வியந்து பாராட்டிவிடுகிறான். மிஃபூனே அவன் மேல் சீறுகிறான். ஜெயித்தவனுக்கே அந்த வெற்றி பிடிக்கவில்லை. நான் கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்த முகத்தை மறுபடியும் பார்த்தேன். கைதட்ட வந்த பையன்களுக்கு அந்தப் படமே பதில் சொல்லிவிட்டது.

பிறகு ஷிண்டாரோ கட்சு நடித்த கண் தெரியாத ஜாதொய்ச்சி வந்தான். 1962 முதல் 1989 வரை அவன் கதை 26 படங்களாக வந்திருக்கிறது. பகடை விழும் ஒலியைக் கேட்டே எண்ணைச் சொல்லும் அவனை நம் சாலையில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன கேட்கும் என்று பல முறை நினைத்திருக்கிறேன். எச்சரிக்கைக்காக உண்டாக்கிய ஹாரனை நாம் வசவாக மாற்றிவிட்டோம். உண்மையான எச்சரிக்கை வரும்போது யார் காதிலும் விழுவதில்லை.

வண்டிக்கும் ஜப்பானியச் சண்டைப் படத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு 'டொராக்கு யாரோ' வரிசையைச் சொல்வேன். லாரிக்காரன் என்பதுதான் பொருள். டோயெய் நிறுவனம் 1975 முதல் 1979 வரை எடுத்த பத்துப் படங்கள். நோரிஃபுமி சுசூகி இயக்கியவை. ஹிரோஷிமா ரவுடிகளின் கதையான 'யுத்தத்தில் நீதியில்லை' வரிசையில் கத்தியும் துப்பாக்கியுமாக வந்த புந்தா சுகவாரா, இதில் விளக்குகளும் ஓவியங்களும் ஜொலிக்கும் லாரியை நாடு முழுக்க ஓட்டுகிறார். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வண்டிகள் அந்நியமாகத் தெரியாது. அடிதடி உண்டு, குடி உண்டு, துரத்தல் உண்டு. ஆனாலும் சாலையில் இன்னொரு ஓட்டுநருக்கு ஆபத்து என்றால் சுகவாரா வண்டியைத் திருப்பிவிடுவார். சாலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே தொழிலின் பங்காளிகள் என்ற நினைப்பு அந்தப் படங்களில் உண்டு. அது எனக்குப் பிடிக்கும்.

இப்போதைய கதை. பத்மினி போய்விட்டது. மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்புகள் வைத்துப் பாதையைச் சுருக்கியிருந்தார்கள். அந்தக் குறுகிய இடத்தில்தான் அக்கா மகள் கற்றாள். அவளோடு நான் பக்கத்து இருக்கையில் போயிருக்கிறேன். கண்ணாடிகளைப் பார்க்கிறாள், இண்டிகேட்டர் போடுகிறாள், பாதசாரிகளுக்கு நிற்கிறாள். நின்றதுமே பின்னால் ஹாரன்.

"நான் ஒழுங்காத்தானே மாமா போறேன்? எதுக்கு அடிக்கிறாங்க?"

"நீ சரியாத்தான் போற. நிதானமா போ."

முந்திப் போன ஒருவர் ஓட்டுவது யார் என்று திரும்பிப் பார்த்தார். பெண் என்று தெரிந்ததும், அதானே என்பதுபோலக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். அவள் ஒன்றும் பேசவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. என் காலத்தில் எனக்குக் கிடைத்த வசவில் இந்த ஒன்று இல்லை. அவளுக்கு அது கூடுதலாகக் கிடைக்கிறது.

அவளுக்குப் பிடித்த படம் 2021இல் வந்த 'பேபி அசாசின்ஸ்'. பள்ளி முடித்த இரண்டு பெண்கள், கூலிக்குக் கொலை செய்பவர்கள். சண்டையில் யாரும் நெருங்க முடியாது. ஆனால் பகுதிநேர வேலைக்குப் போய்ச் சாதாரண மனிதர்களோடு பழகுவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு. நாயகிகளில் ஒருவரான சவோரி இசாவா சண்டைக் கலைஞராகவே பயின்றவர். அடிகள் உண்மையாக இருக்கும். நான் அவளுக்குக் காட்டியது அதே ஆண்டில் வந்த 'டிரைவ் மை கார்'. ரியூசுகே ஹமகுச்சியின் படம், ஆஸ்கர் வாங்கியது. அது சண்டைப் படமில்லை. சிவப்பு சாப் காரை வேறு யாரிடமும் தர மனமில்லாத ஒரு நாடக இயக்குநருக்கு, மிசாகி என்ற இருபத்துமூன்று வயதுப் பெண்ணை ஓட்டுநராக அமர்த்துகிறார்கள். அவர் தயங்குகிறார். அவள் ஓட்டிய பிறகு, காரில் இருப்பதே சில நேரம் மறந்துபோகும் அளவுக்கு நன்றாக ஓட்டுகிறாள் என்று ஒரு விருந்தில் அவள் முன்னாலேயே சொல்கிறார். அக்கா மகள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னாள். ஓர் இளம் ஓட்டுநரைப் பெரியவர் ஒருவர் மனதாரப் பாராட்டுவதை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை.

இனி எண்கள். 1970இல் ஜப்பானில் சாலை விபத்துகளில் 16,765 பேர் இறந்தார்கள். அந்நாட்டு வரலாற்றில் அதுவே உச்சம்; போக்குவரத்துப் போர் என்றே பத்திரிகைகள் எழுதின. 2022இல் அந்த எண்ணிக்கை 2,610. தமிழ்நாட்டில் அதே 2022இல் 64,105 விபத்துகள், இந்தியாவிலேயே மிக அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். ஜப்பானின் இந்தக் கணக்கு விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களை மட்டும் சேர்க்கும். அதையும் மனதில் கொள்ள வேண்டும். ஆனால் 1970இல் ஜப்பானின் மக்கள்தொகை 10 கோடிக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. அவர்கள் போர் என்று அலறிய இடத்தில் நாம் இன்று நின்றுகொண்டிருக்கிறோம்.

அவர்கள் வாள் படங்களைத் தடை செய்து அந்த எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. தலைமுறை தாண்டியும் ரத்தம் தெறிப்பதற்குப் பேர்பெற்ற 'லோன் உல்ஃப் அண்ட் கப்' வரிசையின் முதல் படம் வந்ததே 1972இல்தான். அவர்கள் 1970இல் போக்குவரத்துப் பாதுகாப்புக்கென அடிப்படைச் சட்டம் கொண்டுவந்தார்கள். நடைபாதை, தடுப்புவேலி, சிக்னல் என்று பணம் செலவழித்தார்கள். பயிற்சியை முறைப்படுத்தினார்கள். 2024இல் அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில் கியர் கார் ஓட்டக் கற்பவர் 34 மணி ஓட்டுப் பயிற்சியும் 26 மணி வகுப்பும் முடிக்க வேண்டியிருந்தது; முதலில் பள்ளி வளாகத்துக்குள், தற்காலிக உரிமம் வாங்கிய பிறகுதான் சாலையில். நம் நாட்டிலும் அங்கீகாரப் பயிற்சி மையங்களுக்கு 2021இல் விதி வந்தது. கார் பயிற்சிக்கு 29 மணி நேரம் என்று அதில் இருக்கிறது. ஆனால் தெருமுனைப் பள்ளியில் சில காலைகள் ஓட்டிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு சுற்றுச் சுற்றி லைசென்ஸ் வாங்குவதுதான் பெரும்பாலோரின் வழி. எட்டுப் போட்டுக் காட்டிய பையனுக்கு மழையில் பிரேக் பிடிக்கும் விதம் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

1972இல் அவர்கள் செய்த இன்னொரு காரியத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் முதல் ஓராண்டு காரின் முன்னும் பின்னும் ஓர் அடையாளத்தை ஒட்ட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பாதி மஞ்சள், பாதி பச்சை. இளந்தளிர் போல இருக்கும். நம் எல் போர்டு கற்பவர் மேல் மட்டும்தான் பொறுப்பைச் சுமத்துகிறது. அந்தத் தளிர் மற்றவர்கள் மேலும் சுமத்துகிறது. அந்த அடையாளம் உள்ள வண்டியைக் காரணமின்றிப் பக்கவாட்டில் நெருக்குவதும், அதன் முன்னால் வெட்டி நுழைவதும் அங்கே குற்றம், அபராதம் உண்டு. கற்பவனைச் சுற்றி ஒரு வேலி போட்டு, அதற்குள் நீ தவறலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு நாடே சொல்கிறது. கம்பெய்யின் கூட்டத்தில் கட்சுஷிரோவுக்குக் கிடைத்த இடம் இதுதான்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். வயது வராதவனைத் தடுக்க இவ்வளவு கடுமையான சட்டம் செய்ய முடிந்த நமக்கு, வயது வந்து, எல்.எல்.ஆர். வாங்கி, எல் போர்டு ஒட்டி, முறையாக வருகிறவரைக் காக்க ஒரு வரிச் சட்டம் செய்ய முடியாதா? எல் போர்டு வண்டியை நெருக்கினாலும், அதன் முன் வெட்டினாலும் அபராதம் என்று தமிழ்நாடு அரசு முன்னெடுக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கிய முதல் ஓராண்டுக்கும் ஓர் அடையாளமும் அதே பாதுகாப்பும் வேண்டும்.

சட்டம் வரும் வரை இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் உங்கள் முன்னால் ஓர் எல் போர்டு வண்டி ஏற்றத்தில் நின்றுபோனால் ஹாரனிலிருந்து கையை எடுங்கள். அது பின்னோக்கி உருளவும் இடம் வேண்டும். ஒரு வண்டி நீளம் விட்டு நில்லுங்கள். இன்ஜினைத் திரும்பக் கிளப்பிக்கொண்டு போக அவர்களுக்கு அரை நிமிடம் போதும்.